ஏலத்துக்கு வந்த கால்

நம் செயற்கைக்கால் மையத்துப் படிவத்தில் நோயாளியின் எடைக்கு ஒரு கட்டம் இருக்கிறது. உயரத்துக்கு, சர்க்கரைக்கு, செய்கிற வேலைக்கு, வீட்டில் தரையில் உட்கார்ந்து சாப்பிடுகிறாரா நாற்காலியிலா என்பதற்குக்கூடக் கட்டம் இருக்கிறது. வேண்டுதலுக்குக் கட்டம் இல்லை. நான் ஓய்வு பெறுவதற்கு முந்தைய சில ஆண்டுகளாக ஒவ்வொரு படிவத்தின் அடியிலும், "வேண்டுதல் ஏதாவது உண்டா? யார் வேண்டிக்கொண்டது? என்ன கொடுப்பதாக?" என்று பேனாவால் எழுதிக் கேட்டு வந்தேன். ஆய்வுக்கு வந்த அதிகாரி ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, "மேடம், இது எந்தப் பாடத்திட்டத்துல வருது?" என்றார். வில்லியனூர்ப் பாடத்திட்டம் என்றேன். அவர் சிரிக்கவில்லை.

நீங்கள் நாலரை வருஷம் படித்துவிட்டு வந்திருக்கிறீர்கள். காலை ஸ்கேன் செய்கிறீர்கள், கம்ப்யூட்டரிலேயே, வெட்டுப்பட்ட கால் உள்ளே நுழைகிற சாக்கெட்டின் வடிவத்தைத் திருத்துகிறீர்கள். அதிலெல்லாம் உங்களுக்கு நான் சொல்லித்தர ஒன்றுமில்லை. நான் சொல்லப்போவது ஒரே ஒரு காலைப் பற்றி. இடது கால், முழங்காலுக்குக் கீழே. நான் செய்த நல்ல கால்களில் ஒன்று. அதற்கு மல்லிகை மாலை போட்டு, நாலு கோழிக்கும் ஒரு பூசணிக்காய்க்கும் நடுவில் வைத்து ஏலம் விட்டார்கள். ஏலம் கேட்டவர்களில் நானும் ஒருத்தி.

சவரிமுத்து வில்லியனூருக்கு மேற்கே மாதா கோயில் உள்ள ஒரு பங்குக் கிராமத்தைச் சேர்ந்தவர். பக்கத்து அரசுப் பள்ளியில் தினக்கூலி உதவியாளர். மணி அடிப்பது, தண்ணீர் மோட்டார் போடுவது, பூட்டுவது, திறப்பது எல்லாம் அவர்தான். சைக்கிளில் போனவர் மேல் ஒரு வளைவில் கரும்பு டிரெய்லர் சாய்ந்ததில் இடது காலை இழந்தார். பல வருஷமாக எதிர்பார்த்திருந்த பணி நிரந்தர உத்தரவு அந்தச் சமயம் பார்த்துத்தான் வந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை மருத்துவக் குழுவின் முன்னால், கட்டையோ கைத்தடியோ இல்லாமல் நடந்து காட்ட வேண்டும். நடந்தால் வேலை. நடக்காவிட்டால் பட்டியலில் அடுத்த ஆளுக்குப் போய்விடும். அந்த வயதில், அந்தக் காலோடு, அவருக்கு வேறு வேலை யாரும் கொடுக்கப் போவதில்லை என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

அதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை அவருக்குக் காலைப் பொருத்தினேன். ஹாலின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் கம்பியைப் பிடிக்காமல் நடந்தார். அவர் மனைவி ஆரோக்கியமேரி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். "நீங்க நல்லா இருக்கணும் மேடம்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். எனக்கு யாராவது நன்றி சொன்னால் என்ன செய்வதென்றே தெரியாது, கூச்சமாக இருக்கும். அவர் கழுத்தில் கிடந்த ஜெபமாலையைப் பார்த்தேன். "நான் என்னம்மா செஞ்சேன், எல்லாம் மாதா குடுத்தது" என்று சொல்லிவைத்தேன். நான் போகிற கோயில் வேறு. பேச்சுக்குச் சொன்னதுதான்.

பேச்சுக்கு எதையும் சொல்லாதீர்கள். நம் தொழிலில் நம் வாயிலிருந்து வருவதை எல்லோரும் மருந்துச்சீட்டு மாதிரி எடுத்துக்கொள்கிறார்கள்.

அன்றைக்கே இன்னொரு காரியமும் செய்தேன். எனக்கு இந்த வேலையைக் கற்றுக்கொடுத்தவருக்கு ஒரே ஒரு விதிதான் உண்டு: ஆள் காலைப் போட்டுக்கொண்டு ஒரு மாதம் நடக்கிற வரைக்கும் அந்தக் காலை வார்த்தெடுத்த பிளாஸ்டர் அச்சை உடைக்கக் கூடாது. அந்த மனிதருக்கு நான் செய்த எதுவும் பிடித்ததில்லை, அவர் சொன்ன எதுவும் எனக்கும் பிடித்ததில்லை. ஆனாலும் இருபத்தைந்து வருஷமாக அந்த விதியைக் காப்பாற்றி வந்தேன். அந்த வெள்ளிக்கிழமை அலமாரியில் இடமில்லை. கால் அவ்வளவு கச்சிதமாகப் பொருந்தியிருந்தது. சுத்தியலை எடுத்து, சவரிமுத்துவின் அச்சை உடைத்துக் குப்பையில் போட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் காபி குடித்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது.

"மேடம், லீவு நாள்ல தொந்தரவு. நான் சவரிமுத்து."

"கால் எப்படி இருக்கு?"

"நல்லா கீது மேடம். மாதா கிட்ட கீது."

"கடிக்குதா? புண்ணு ஏதாவது?"

"அதெல்லாம் ஒண்ணும் இல்ல. வந்து, செவ்வாக்கெழமைக்கு மட்டும் வேற ஒரு காலு குடுப்பீங்களா? உங்க கிட்ட இருக்கறதுல எதுனா ஒண்ணு போதும். சாயங்காலமே திருப்பிக் கொண்டாந்துடறேன்."

மழைக்கு ஒதுங்கினவர் குடை கேட்பது மாதிரி கேட்டார். நான் காபியை அப்படியே வைத்துவிட்டு ஸ்கூட்டரை எடுத்தேன்.

வீட்டில் நடந்ததை ஆரோக்கியமேரி நிதானமாகச் சொன்னார். ஆஸ்பத்திரியில் கணவரின் காலை எடுத்த அன்றைக்கு மாதாவிடம் வேண்டிக்கொண்டாராம். இவரை நடக்க வை, எந்தக் கால்ல நடந்து வர்றாரோ அதையே உனக்குக் குடுக்கறேன் என்று. மற்றவர்கள் தகட்டில் அடித்த வெள்ளிக் காலை வாங்கிப் போடுவார்கள். அது இவருக்கு ஏமாற்று வேலையாகப் பட்டிருக்கிறது. சனிக்கிழமை காலையில், கொடியேறி திருநாள் நடந்துகொண்டிருந்த கோயிலுக்குச் சவரிமுத்து வீட்டிலிருந்து நடந்தே போனார். வழியெல்லாம் ஜனங்கள் நின்று பார்த்தார்கள். பீடத்துக்கு முன்னால் உட்கார்ந்து, காலைக் கழற்றி மாதாவிடம் கொடுத்துவிட்டு, மனைவியின் தோளைப் பிடித்து நொண்டிக்கொண்டே வீடு திரும்பினார். ஆகப் புதுக்காலில் அவர் நடந்தது ஒரு வழிப் பயணம்.

"திருப்பி வாங்கிடலாம்மா. சாமியார் கிட்ட நான் பேசறேன்" என்றேன்.

"குடுத்தத திருப்பிக் கேட்டா இருக்கற ஒரு காலும் போயிடும் மேடம்."

"செவ்வாக்கிழமை என்ன பண்ணுவார்?"

"மாதா பாத்துப்பாங்க. எல்லாம் அவங்க குடுத்ததுன்னு நீங்கதான சொன்னீங்க."

கோபம் வந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை. புதுக்கால் செய்துவிடலாமா என்று மனசுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அச்சை உடைத்தாயிற்று. பிளாஸ்டிக் ஷீட் தீர்ந்து, புது லோடு வரவில்லை. இரண்டு நாளில் ஒன்றும் நடக்காது. பழைய கால் எதையாவது மாட்டி அனுப்பினால் புண் வந்து, உள்ள நடையும் போய்விடும்.

கட்டிலில் உட்கார்ந்திருந்த சவரிமுத்து மெதுவாகச் சொன்னார். "ஏலத்துல எடுத்தா தப்பில்ல மேடம். போன வருசம் எங்க ஆடு அப்பிடித்தான் திரும்பி வந்துச்சு. எங்க மச்சான் எடுத்தாரு."

அந்த ஊர் வழக்கம் அது. மாதாவுக்குக் காணிக்கையாக வந்த கோழி, ஆடு, முதல் வாழைத்தார், பூசணிக்காய் எல்லாவற்றையும் திருநாள் பூசை முடிந்ததும் கோயில் வாசலில் ஏலம் விடுவார்கள். மாதாவின் பொருளை ஏலத்தில் எடுப்பது வீட்டுக்கு நல்லது என்று போட்டி போட்டு எடுப்பார்கள். ஆனால் கொடுத்தவர்கள் கேட்கக் கூடாது.

நான் ஆரோக்கியமேரியைப் பார்த்தேன். "ஏலம்னா வேற. அது மாதாவே வித்தது" என்றார்.

அன்றைக்கே ஏலம். நேராகக் கோயிலுக்குப் போனேன். பந்தலில் ஒரு நீள மேசை போட்டிருந்தார்கள். கோழிகளின் காலைக் கட்டிப் போட்டிருந்தார்கள். அவற்றுக்குப் பக்கத்தில் என் கால், ஷூ போட்டு, மாலையோடு நின்றது. சாக்கெட்டின் உள்பக்கம் மார்க்கரால் நான் எழுதிய நம்பர்கூடத் தெரிந்தது. வரிசையில் வந்தவர்கள் அதன் பாதத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனார்கள். ஒரு அம்மா தன் பையனின் சுளுக்கிய கணுக்காலை அதன் மேல் உரசினார். செல்போனில் படம் எடுத்து அனுப்பிக்கொண்டே இருந்தார்கள்.

இருபத்தைந்து வருஷம் இந்த வேலை பார்த்தவளுக்கு அந்த நேரத்தில் என்ன தோன்றியிருக்க வேண்டும்? பக்தி வரலாம், இல்லை சிரிப்பு வரலாம். எனக்கு வந்தது வெட்கம். பாதம் வெளிப்பக்கமாகக் கொஞ்சம் அதிகமாகத் திரும்பியிருந்தது. வெள்ளிக்கிழமை அவசரத்தில் அது என் கண்ணில் படவில்லை. இப்போது வெயிலில், மேசை மேல், ஊரே தொட்டுக் கும்பிடுகிற இடத்தில் பளிச்சென்று தெரிந்தது. இது என் வேலை என்று யாருக்கும் தெரியாது. எனக்குத் தெரியுமே.

என் கைப்பையில் சீப்பு இருக்காது, போல்ட்டைத் திருகுகிற ஆலன் கீ இருக்கும். வரிசையில் நின்றேன். என் முறை வந்ததும் குனிந்து, கும்பிடுவது மாதிரி கணுக்காலைப் பிடித்து, போல்ட்டைத் தளர்த்திப் பாதத்தைக் கொஞ்சம் உள்ளே திருப்பினேன். ஆள் போட்டுக்கொண்டு நிற்காமல் பாதத்தின் கோணத்தை, அதாவது அலைன்மென்ட்டைத் தொடக் கூடாது. நான் தொட்டேன். நீங்கள் தொடாதீர்கள். போல்ட்டை மறுபடி முறுக்கியபோது என் மணிக்கட்டை யாரோ பிடித்தார்கள். சாமியாருக்கு உதவியாகக் கோயிலைப் பார்த்துக்கொள்கிற உபதேசியார்.

"இன்னாம்மா பண்ற? மாதா காலை கழட்றியா?"

"கழட்டலைங்க. திருப்பறேன்."

"எங்க திருப்பற? யாரு நீ?"

"இந்தக் காலைச் செஞ்சவ."

"இது மாதா காலு" என்றார் அவர். ஆலன் கீயைப் பிடுங்கித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். கூட்டம் சேர்ந்துவிட்டது. என்னை மேசைக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து, இரண்டு பெண்களைக் காவலுக்கு நிறுத்தினார்கள். ஏலம் தொடங்கும் வரை நானும் கோழிகளும் அப்படியே இருந்தோம். பங்குச் சாமியார் அந்தப் பக்கம் வந்தபோது விஷயத்தைச் சொன்னேன். "ஏலத்துல கேளுங்கம்மா, யாரு வேணா கேக்கலாம்" என்று சொல்லிவிட்டு வேறு வேலையாகப் போய்விட்டார். அவருக்கு ஆயிரம் வேலை.

கோழிகள் போயின, பூசணிக்காய் போனது, பிறகு காலைத் தூக்கிப் பிடித்தார் உபதேசியார். "மாதாவோட புண்ணியக் காலு. சொந்தமா நடந்து வந்த காலு" என்றார் மைக்கில். முதலில் நாலைந்து பேர் கேட்டார்கள். ஒருத்தர் மோட்டார் கொட்டகையில் மாட்டி வைத்தால் போர் தண்ணி வற்றாது என்றார். நான் கேட்கக் கேட்க ஒவ்வொருத்தராக ஒதுங்கினார்கள். கடைசியில் என்னோடு ஒரே ஆள் மிஞ்சினார். ஐம்பது வயதிருக்கும், மடித்துக் கட்டிய வேட்டி, பந்தல் கம்பத்துக்குப் பின்னால் பாதி மறைந்து நின்றார். காலைப் பார்க்கவே இல்லை. நான் ஒரு தொகை சொன்னதும் தரையைப் பார்த்துக்கொண்டே அதற்கு மேல் சொன்னார்.

"உங்களுக்கு எதுக்குங்க? உங்களுக்குத்தான் ரெண்டு காலும் இருக்குதே" என்று எழுந்து நின்று கத்தினேன்.

"கேக்கறதுன்னா கேளுங்க மேடம். நான் வுட மாட்டேன்."

அதற்குப் பிறகு நான் சொன்ன தொகைகளை இங்கே எழுத மாட்டேன். என் வீட்டுக்காரருக்கு இன்றுவரை தெரியாது. அந்த ஆள் மேல் அப்படி ஒரு ஆத்திரம். மூடநம்பிக்கை பிடித்த பண்ணையார், ஒரு ஏழையின் வேலையைக் கெடுத்து இவனும் தன் கொட்டகையை அலங்கரிக்கப் போகிறான் என்று மனசுக்குள் திட்டித் தீர்த்தேன். உபதேசியார் மூன்றாம் தரம் சொன்னபோது அதற்கு மேல் கேட்க என்னிடம் பணமில்லை. கால் அவருக்குப் போனது.

அவர் பின்னாலேயே ஓடினேன். கெஞ்சவா சண்டை போடவா என்று முடிவு செய்யவில்லை. வேப்பமரத்தடியில் அவரே நின்றார். காலைக் குழந்தையை நீட்டுவது மாதிரி இரண்டு கையாலும் என்னிடம் நீட்டினார்.

"நீங்கதான செஞ்சீங்க? நீங்களே அவரு கிட்ட குடுத்துடுங்க. என் பேரு மட்டும் சொல்லாதீங்க."

"நீங்க யாரு?"

"ஊரு ஏம்பலம். தணிகாசலம்னு பேரு." மறுபடி தரையைப் பார்த்தார். "அந்த டிரெய்லரு என்னுது மேடம். நான்தான் ஓட்டிகினு வந்தேன். ஆஸ்பத்திரிக்குப் போனேன், அந்தம்மா துரத்திடுச்சு. வூட்டுக்குப் போனேன், வாசப்படி ஏறாதன்னுச்சு. எது குடுத்தாலும் வாங்கல. நேத்து போன்ல இந்தக் காலு படம் வந்துச்சு. ஏலத்துல யாரும் என்னை போன்னு சொல்ல முடியாதே."

ஒரே ஆளுக்காக நாங்கள் இரண்டு பேரும் அரை மணி நேரம் ஒருவரையொருவர் விலையேற்றிக்கொண்டிருந்தோம். முதல் தொகைக்கு முன்னால் "நீங்க யாரு?" என்று நான் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். கேட்கவில்லை. அவசரத்தில் நமக்கு எதிரே நிற்கிறவனை எதிரி என்றே முடிவு செய்துவிடுகிறோம். எங்கள் சண்டையில் கோயிலுக்குப் புது மைக் செட் வந்தது.

இப்போது எனக்கு ஒரு சிக்கல். பெயரைச் சொன்னால் ஆரோக்கியமேரி காலைத் தெருவில் வீசுவார். சொல்லாமல் மாட்டிவிட்டால் செவ்வாய்க்கிழமை தப்பிக்கும். வெள்ளிக்கிழமை பேச்சுக்குச் சொன்ன ஒரு வார்த்தையின் பலனை அனுபவித்துக்கொண்டிருந்தவள் நான். இன்னொரு பொய்க்கு என்னிடம் தெம்பில்லை. "வண்டியை எடுத்துட்டு என் பின்னாலயே வாங்க" என்றேன். ஸ்கூட்டரில் என் இரண்டு காலுக்கும் நடுவில் மூன்றாவதாக ஷூ போட்ட ஒரு கால், மாலையோடு நின்றது. எதிரே வந்த டவுன் பஸ் டிரைவர் வேகத்தைக் குறைத்துவிட்டார்.

நான் போய்ச் சொல்வதற்குள் அந்த வீட்டுக்குச் செய்தி போய்விட்டது. ஊரில் எத்தனை செல்போன்! ஆரோக்கியமேரி வாசலில் நின்றுகொண்டிருந்தார். என் கையிலிருந்த காலைப் பார்த்தார். எனக்குப் பின்னால் தெருவோரத்தில் மோட்டார் சைக்கிளை விட்டு இறங்காமல் இருந்தவரைப் பார்த்தார்.

"இவர்தாம்மா எடுத்தார். அவர் பேரைச் சொல்ல வேணாம்னார். நான்தான் இழுத்துக்கிட்டு வந்தேன்" என்றேன்.

"தெரியும். உபதேசியார் போன் பண்ணாரு." பிறகு என்னிடமே, ஆனால் தெருவுக்குக் கேட்கிற மாதிரி சொன்னார்: "திருநாள் அன்னிக்கு ஒருத்தர வாசல்ல நிக்க வெச்சா மாதாவுக்கே பொறுக்காது. உள்ள வரச் சொல்லுங்க."

சவரிமுத்துவுக்குக் காலைப் போட நான் தரையில் உட்கார்ந்தேன். உறையை மாட்ட இரண்டு கையும் வேண்டும். யோசிக்காமல் காலைத் தணிகாசலத்திடம் கொடுத்துப் பிடிக்கச் சொன்னேன். அவர் முதல்முறையாக முழங்காலுக்குக் கீழே வெட்டுப்பட்டிருந்த அந்தக் காலைப் பார்த்தார். பெரிய மனிதர், விசும்பி விசும்பி அழுதார். சவரிமுத்துதான் சமாளித்தார்.

"அழுவாதீங்க. உள்ள ஈரமாச்சுன்னா மேடம் திட்டுவாங்க."

எழுந்து இரண்டு அடி வைத்தார். நின்றார். இன்னும் நாலு அடி வைத்தார். "பாதம் நேரா ஆயிடுச்சு மேடம். வெள்ளிக்கெழமை கொஞ்சம் வெளிய இழுத்துச்சு, சொல்லலாமான்னு பாத்தேன். ஒரு நாளு மாதா கிட்ட இருந்ததுக்கே நேரா ஆயிடுச்சு பாருங்க."

நான் போல்ட்டைத் தொட்டுப் பார்த்தேன். ஆரோக்கியமேரி எல்லோருக்கும் இலை போட்டார்.

செவ்வாய்க்கிழமை தணிகாசலம் ஒரு ஆட்டோ பிடித்துக்கொண்டு வந்திருந்தார். "டிராக்டர்னா நான் வரமாட்டேன்" என்று ஆரோக்கியமேரி முன்பே சொல்லிவிட்டாராம். காலுக்கான சான்றிதழோடு நானும் போயிருந்தேன். குழுவில் எலும்பு மருத்துவர் ஒருவர் இருந்தார். சவரிமுத்துவை அறையின் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரை நடக்கச் சொன்னார், திரும்பச் சொன்னார், மறுபடி நடக்கச் சொன்னார். சவரிமுத்து பள்ளிக்கூடத்தில் மணி அடிக்கப் போகிறவர் மாதிரி நடந்தார்.

மருத்துவர் குனிந்து பாதத்தைப் பார்த்தார். "அலைன்மென்ட் நல்லா இருக்கே. யார் பண்ணது?"

"மாதா சார்" என்றார் சவரிமுத்து.

மருத்துவரின் பேனா பாதியில் நின்றது. என்னைப் பார்த்தார். 'நான்தான் செய்தேன், ஏதாவது கோளாறு என்றால் என்னிடம் வரட்டும்' என்று சொல்ல வேண்டிய இடம் அது. வெள்ளிக்கிழமையே சொல்லியிருக்க வேண்டியது. இந்த முறை சொல்லிவிடுவது என்று வாயைத் திறந்தேன்.

அதற்குள் கதவோரத்திலிருந்து ஆரோக்கியமேரி முன்னால் வந்தார். முந்தானை முடிச்சை அவிழ்த்து, உபதேசியார் என்னிடமிருந்து பிடுங்கியிருந்ததை, எப்போது கேட்டு வாங்கினாரோ, எடுத்து மருத்துவரின் மேசை மேல் வைத்தார்.

"மாதாதான் சார். ஆலன் கீ மட்டும் மேடத்துது."

மருத்துவர் அதையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். வேலைக்குத் தகுதி உண்டு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.